பனி உறையாத மலையில்: மரவளையம் என்னும் சாட்சியம் குறித்து

1

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று எடப்புளி நாடு. இங்கே நாடு என்றால் தேசம் இல்லை. சிற்றூர்களின் தொகுப்பு, இன்றைய கணக்கில் ஓர் ஊராட்சி. அங்கே ஒரு தோட்டத்து ஓரத்தில், அறுத்துப்போட்ட பலாமரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். ஏட்டுப்படிப்பின் தோரணையில் நான் தோட்டக்காரப் பெரியவரிடம் கேட்டேன்: "இதுல இருக்கிற வளையத்த எண்ணினா மரத்தோட வயசு தெரியும், இல்லீங்களா?" அவர் கட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "பலாவுல எங்கீங்க வளையம் தெரியுது? எங்க தாத்தன் வச்சது. அவ்வளவுதானுங்க கணக்கு." மார்கழிக் குளிரைப் பற்றிக் கேட்டேன். "பனி பெய்யுமுங்க. உறையாது."

இந்தக் கட்டுரை அவர் சொன்ன இந்த இரண்டு பதில்களின் மீதான ஒரு நீண்ட அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மரத்தின் உடலில் கடந்தகாலத் தட்பவெப்பம் பதிவாகியிருக்கிறது. அதிலும் உறைபனி விட்டுச்சென்ற காயம் ஒரு குறிப்பிட்ட ஆண்டின், சில சமயம் ஒரு குறிப்பிட்ட வாரத்தின் சாட்சியமாக நிற்கிறது என்கிறது அறிவியல். பனி உறையாத, வளையம் தெரியாத மலையில் இருப்பவருக்கு அந்த அறிவியலால் என்ன பயன்? எழுத்து ஆவணம் இல்லாதவர்களுக்கு மரம் சாட்சி சொல்லுமா? சொன்னால் அந்தச் சாட்சியத்தை விசாரிப்பவர் யார்? பிரதி, வாசிப்பு, விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதிவரும் நமக்கு இந்தக் கேள்விகள் அந்நியமானவை அல்ல. ஆனால் நாம் மரத்தை உருவகமாக மட்டுமே பயன்படுத்திப் பழகிவிட்டோம். இங்கே மரம் என்பது மரம்தான்.

2

முதலில் உறைபனி எப்படி எழுதுகிறது என்று பார்ப்போம்.

மரம் பருப்பது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற மெல்லிய படலத்தில். தாவரவியலார் இதைக் கேம்பியம் என்பார்கள். இது உட்பக்கமாகக் கட்டைச் செல்களையும் வெளிப்பக்கமாகப் பட்டைச் செல்களையும் ஈன்றுகொண்டே இருக்கிறது. குளிர்நாட்டு ஊசியிலை மரங்களில் வளர்பருவத் தொடக்கத்தில் பிறக்கும் செல்கள் அகலமானவை, சுவர் மெல்லியவை. இது முன்பருவக் கட்டை. பருவம் முடியும்போது பிறப்பவை குறுகலானவை, சுவர் தடித்தவை. இது பின்பருவக் கட்டை. பிறகு குளிர்காலம் முழுக்கக் கேம்பியம் உறங்கிவிடுகிறது. அடர்ந்த பின்பருவக் கட்டை முடிந்து அடுத்த ஆண்டின் வெளிறிய கட்டை தொடங்கும் கோடுதான் ஆண்டு எல்லை. நல்ல ஆண்டில் வளையம் அகலம், கெட்ட ஆண்டில் குறுகல். பொதுவாகத் தெரிந்த சங்கதி இவ்வளவே.

உறைபனி வளையம் வேறு வகை. அது அகலம் பற்றியது அல்ல, காயம் பற்றியது. கேம்பியம் விழித்திருக்கும் வளர்பருவத்தில் திடீரென்று கடுங்குளிர் இறங்கினால், புதிதாகப் பிறந்த செல்கள் அகப்பட்டுக்கொள்கின்றன. அவற்றின் சுவரில் லிக்னின் இன்னும் படியவில்லை; பச்சை மண் சுவர் மாதிரி. செல்களுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் உறைகிறது. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரையும் இழுத்துக்கொள்கிறது. செல்கள் வற்றி நசுங்குகின்றன. மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்கள் கோணிப்போகின்றன. குளிர் விலகியதும் உயிர் தப்பிய கேம்பியம் முதலில் ஒழுங்கற்ற செல்களைப் போட்டுக் காயத்தை மூடுகிறது. அப்புறம் வழக்கமான கட்டையை உற்பத்தி செய்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழுங்கான செல் வரிசைகளுக்கு நடுவே கசங்கிய ஒரு வரி தெரியும்.

அந்தக் கசங்கல் வளையத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். முன்பருவக் கட்டையில் இருந்தால் பருவத் தொடக்கத்தில் தாமதமாக வந்த குளிர். பின்பருவக் கட்டையில் இருந்தால் கோடை முடியும் முன்பே வந்துவிட்ட குளிர். ஆக, வளையத்தின் அகலம் ஒரு பருவம் முழுவதன் கூட்டுத்தொகையைச் சொல்கிறது; உறைபனி வளையமோ ஓரிரு இரவுகளைச் சொல்கிறது. ஃபெர்னான் ப்ரோதேல் நீண்ட காலத்தையும் நிகழ்வையும் பிரித்துக்காட்டியது இங்கே நினைவுக்கு வருகிறது. அவர் வழிவந்த எம்மானுவேல் ல ருவா லாதுரி 1967இல் கி.பி. 1000க்குப் பிந்தைய தட்பவெப்பத்தின் வரலாற்றை எழுதியபோது திராட்சை அறுவடைத் தேதிகளோடு மரவளையங்களையும் ஆவணமாகக் கொண்டார். மனிதர் இல்லாத வரலாறும் வரலாறுதான் என்ற துணிச்சல் அது.

ஒரே ஒரு மரத்தை நம்பிவிட முடியாது. இளம் தண்டு, மெல்லிய பட்டை, குளிர்காற்று தேங்கும் பள்ளம் போன்ற காரணங்களால் ஒரு மரம் காயப்பட்டுப் பக்கத்து மரம் தப்பியிருக்கலாம். சில ஆண்டு மரம் வளையமே போடாமல் விடும். சில ஆண்டு பொய் வளையம் போடும். ஆகவே பல மரங்களின் அகல-குறுகல் வரிசையை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிறார்கள். ஏட்டுச்சுவடிகளைப் பாடம் ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் வேலையைப் போன்றதுதான் இது. ஒரு சுவடியில் விட்டுப்போன வரி இன்னொரு சுவடியில் இருக்கும். இடைச்செருகல் மற்றதில் இருக்காது. இந்த ஒப்புநோக்கும் முறையை வகுத்தவர் ஆண்ட்ரூ எலிகாட் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி மரத்துக்குள் போனவர். 1929இல் அவரால் அமெரிக்கத் தென்மேற்கின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் பழைய குடியிருப்புகளுக்கு ஆண்டுக்கணக்கில் காலம் சொல்ல முடிந்தது. எழுத்து விட்டுச்செல்லாத மக்களின் வரலாற்றை அவர்கள் வீட்டு உத்தரங்கள் சொல்லின. 1937இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வகம் தொடங்கப்பட்டது.

3

உறைபனி வளையத்தைப் புகழ்பெறச் செய்தது 1984இல் 'நேச்சர்' இதழில் வால்மோர் லாமார்ஷும் கேத்தரின் ஹிர்ஷ்பெக்கும் எழுதிய கட்டுரை. அமெரிக்க மேற்கின் உயர்மலைகளில் பிரிஸில்கோன் பைன் என்ற மரம் இருக்கிறது. உலகின் மிக வயதான மரங்களில் சில இந்த இனத்தவை. அவற்றின் உறைபனி வளையங்கள் பல, பெரிய எரிமலை வெடிப்புகளுக்கு ஒட்டிய ஆண்டுகளில் விழுந்திருப்பதை இருவரும் காட்டினார்கள். கிரகட்டோவா 1883இல் வெடித்தது. 1884இன் வளையத்தில் காயம். காரணம் இதுதான்: வெடிப்பு வீசியெறியும் கந்தக வாயு வளிமண்டலத்தின் மேலடுக்கில் நுண்துளிகளாகி வெயிலைத் திருப்பியடிக்கிறது. ஓரிரு ஆண்டுகள் கோடை குளிர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும் இரண்டு இரவுகள், நடுவில் உறைநிலையை விட்டு எழாத ஒரு பகல், இது போதும் காயம் விழ. இந்தோனேசியாவில் வெடித்தது கலிஃபோர்னியா மரத்தில் பதிவாகிறது!

இந்த வரிசையில் கி.மு. 1627இன் வளையத்தில் ஒரு பெரிய காயம் இருந்தது. கிரேக்கத் தீவான சாந்தொரினியை உடைத்த எரிமலை வெடிப்பு இதுதானோ என்று லாமார்ஷும் ஹிர்ஷ்பெக்கும் முன்மொழிந்தார்கள். கிரீட்டின் மினோவன் நாகரிகம், எகிப்திய அரசர் வரிசை எனக் கிழக்கு மத்தியதரைக் கடலின் மொத்தக் காலக்கணக்கும் அந்த வெடிப்பின் தேதியில் தொங்கிக்கொண்டிருந்ததால் பெரும் விவாதம் கிளம்பியது. பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். பனிப்படிவுகளில் சிக்கியிருந்த எரிமலைத் துகள்களை ஆராய்ந்தபோது கி.மு. 1628 வாக்கில் வெடித்தது அலாஸ்காவின் அனியாக்சாக் என்று தெரியவந்தது; 2022இல் சார்லட் பியர்சன் குழுவினரின் ஆய்வு இதை உறுதிசெய்தது. 2018இல் அதே பியர்சன் குழு ஒவ்வொரு வளையமாக எடுத்து அளந்த கதிர்க்கரிமக் கணக்கு சாந்தொரினியை கி.மு. 1600க்கும் 1525க்கும் இடையில் வைத்தது.

மரம் பொய் சொன்னதா? இல்லை. "இந்த ஆண்டில் குளிர்ந்தது" என்றுதான் அது சொன்னது. சாந்தொரினி என்ற பெயரைச் சூட்டியவர்கள் வாசித்தவர்கள். ஏன் அந்தப் பெயர்? அலாஸ்காவின் எரிமலையைப் பற்றி ஐரோப்பியப் பண்பாட்டு நினைவில் எந்தக் கதையும் இல்லை. சாந்தொரினியைச் சுற்றி அட்லாண்டிஸ் வரை கதை இருக்கிறது. காயம் உண்மை, அதற்குக் கொடுத்த பெயர் கதையாடல். அறிவியலுக்கு எதிராக இதைச் சொல்லவில்லை. தவறைத் திருத்தியதும் அதே அறிவியல்தான், அதே வளையங்களை இன்னொரு முறையில் வாசித்து. அந்தத் திருத்தும் ஒழுக்கத்தை நம் இலக்கிய விமர்சனத்தில் தேடினால் கிடைக்குமா என்பது வேறு கதை.

4

இனி நம்மூருக்கு வருவோம். தமிழில் பனி என்ற ஒரே சொல் துளியாக விழுவதையும், மூட்டமாகக் கவிவதையும், இமயத்தில் மலையாகக் கிடப்பதையும் குறித்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் ஆறு பெரும்பொழுதுகளில் முன்பனி, பின்பனி என்று இரண்டு உண்டு; ஆனால் அவை உறைகிற பனி அல்ல. அதைச் சொல்ல உறைபனி என்று அடை போட வேண்டியிருக்கிறது. 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொல்லிமலையின் பெரியவர் "பெய்யும், உறையாது" என்று பிரித்துச் சொன்னது சொல்லாராய்ச்சியாகவும் துல்லியம், தட்பவெப்பவியலாகவும் துல்லியம்.

தொல்காப்பியத்தின் மரபியலில் இன்னொரு பிரிவினை இருக்கிறது. வெளிப்புறம் காழ் கொண்டவை புல், உட்புறம் காழ் கொண்டவை மரம். காழ் என்றால் வைரம். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். மரவளையம் பற்றிப் படித்த பிறகுதான் இது எத்தனை கூர்மையான உடற்கூற்று அவதானிப்பு என்று உறைத்தது. பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ், எனவே புல். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகப் புல்லோடுதான் சேர்க்கிறது. அவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டையைச் சேர்க்கும் கேம்பியம் கிடையாது. ஆகவே ஆண்டு வளையமும் கிடையாது. தமிழர்கள் ஈராயிரம் ஆண்டுக் காலத்தை எழுதிவைத்தது பனையோலையில். அந்தப் பனையோ தன் உடலுக்குள் ஓர் ஆண்டைக்கூட எழுதிவைக்காத தாவரம்.

அகக்காழ் கொண்டவை எல்லாமும் எழுதுவதில்லை. கேம்பியம் தூங்கினால்தான் கோடு விழும். ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் எல்லை மங்கலாகவே இருக்கிறது. பலா அப்படிப்பட்டது. பெரியவர் தடவிப் பார்த்துச் சொன்னது சரி. இந்திய மரங்களில் எவை வளையம் போடுகின்றன, எவை போடுவதில்லை என்பதை டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.அகமது சௌத்ரி 1930களின் இறுதியிலேயே ஆராயத் தொடங்கினார். நம் பக்கத்தில் நன்றாக எழுதும் மரம் தேக்கு. வறட்சிக் காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். மழை வந்ததும் பெரிய துளைகள் கொண்ட கட்டையோடு புதிய ஆண்டைத் தொடங்கும். குளிர்நாட்டில் பனி போடும் எல்லைக்கோட்டை இங்கே வறட்சி போடுகிறது.

5

அப்படியானால் தமிழ்நாட்டில் உறைபனி எதையுமே எழுதவில்லையா? எழுதியிருக்கிறது, ஆனால் வளையத்தில் அல்ல. நீலகிரியின் மேல்மட்டத்தில் 2000 மீட்டருக்கு மேலே மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத இரவுகளில் நிலம் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. விடியும்போது புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறது. தேயிலைக் கொழுந்து கருகுகிறது. அதே இரவில் பக்கத்துச் சோலைக்காட்டுக்குள் உறைவதில்லை. மரக்கவிகை வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சோலையிலிருந்து விழும் விதை புல்வெளியில் முளைத்தாலும் உறைபனி இரவுகளைத் தாண்டுவதில்லை. காட்டுப்பூவரசு போன்ற சில மரங்களே புல்வெளியில் தனியாக நிற்கின்றன. பெரிய மரத்தின் கேம்பியத்தைத் தொடாத குளிர், கன்றைக் கொன்று காட்டுக்கும் புல்லுக்கும் இடையில் எல்லை போடுகிறது.

இது வெறும் தாவரவியல் சமாச்சாரம் இல்லை. இந்தப் புல்வெளிகள் தொதவர்களின் எருமை மேய்ச்சல் நிலம். மேய்ச்சலும் தீயும் காட்டை அழித்ததால் உண்டான சீரழிந்த நிலம் இது, மரம் நட்டு 'மேம்படுத்த' வேண்டும் என்ற பேச்சு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த கற்பூர மரமும் சீகை மரமும் சுதந்திரத்துக்குப் பிறகு அரசுத் திட்டங்களின் பேரில் மலைமலையாக நடப்பட்டன. சீகைப் பட்டை தோல் பதனிடுவதற்கு, கற்பூர மரம் விறகுக்கும் ஆலைக்கும். உறைபனிதான் இந்தப் புல்வெளியைக் காக்கிறது என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டிலேயே ரங்கநாதன், மெஹர்-ஹோம்ஜி போன்றவர்கள் முன்வைத்தார்கள். 1993இல் ரா.சுகுமார், ஆர்.ரமேஷ் முதலானோர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு நீலகிரியின் சதுப்பு மண்ணில் படிந்த கரிமத்தை அளந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கடைசிப் பனியூழியின் உச்சத்திலேயே, அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டியது. மேய்ச்சல்காரர்கள் உண்டாக்கிய வெளி அல்ல அது. 2020இல் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரின் ஆய்வு உறைபனி இந்தச் சமநிலையைக் காப்பதையும், சீகை போன்ற அயல்மரக் கன்றுகள் உறைபனியைத் தாங்கிக்கொள்வதையும், வெப்பம் கூடினால் எல்லையே குலையும் என்பதையும் சொன்னது.

'தரிசு' என்பது நிலத்தின் குணம் அல்ல, நிர்வாகத்தின் சொல். அந்தச் சொல்லுக்கு எதிராகக் குளிரும் சேறும் சாட்சி சொல்லியிருக்கின்றன. ஆனால் எப்போது? மரம் நட்டு முடித்த பிறகு. தொதவர்கள் தங்கள் பாட்டில், தங்கள் தெய்வங்களின் இடப்பெயர்களில் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அது சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. இயற்கையின் ஆவணத்தைக் கொண்டாடும்போது, பேசக்கூடிய மனிதர்களின் சாட்சியத்தை நாம் தள்ளுபடி செய்துவிடுகிறோமா?

6

வறட்சி எழுதியதைப் பார்ப்போம். ஜாவாவின் தேக்கில் 1514 முதல் 1929 வரையான வரிசையை பெர்லாகே என்ற டச்சுக்காரர் 1931இலேயே வெளியிட்டார். கேரளத் தேக்குகளிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கான வரிசையை புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்கோங்கரும் குழுவினரும் 2010இல் வெளியிட்டார்கள். எல் நினோவோடு சேர்ந்து பருவமழை பொய்த்த ஆண்டுகளில் வளையம் குறுகுவதை அது காட்டுகிறது. அதே 2010இல் எட்வர்ட் குக் குழுவினர் ஆசியாவின் 300க்கும் மேற்பட்ட மரவளைய வரிசைகளைச் சேர்த்துப் பருவமழை ஆசியாவின் வறட்சி வரைபடத் தொகுப்பை உருவாக்கினார்கள். அதில் தனித்துத் தெரியும் பெருவறட்சிகளில் ஒன்று 1876-78.

அந்த ஆண்டுகளுக்கு நம்மிடம் வேறு பெயர் உண்டு. தாது வருஷப் பஞ்சம். அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் 16 லட்சம். பத்தாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கொல்லிமலை அந்த மாவட்டப் பரப்பைச் சேர்ந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். பஞ்சத்தின் ஆவணங்கள் சமவெளியின் ஆவணங்கள். முகாம்களில் வந்து நின்றவர்களின் எண்ணிக்கை இருக்கிறது. நின்றவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற கணக்கு இருக்கிறது. மலைமேல் இருந்தவர்கள் சாமையும் கேழ்வரகும் பொய்த்தபோது எந்தக் கிழங்கைத் தோண்டினார்கள், யார் யார் செத்தார்கள் என்பது அந்தக் காகிதங்களின் ஓரத்தில்கூட வருவதில்லை.

மரம் இதை ஈடுகட்டுமா? ஓரளவு. மழை எவ்வளவு பொய்த்தது என்று மரம் சொல்லும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் தேக்கு வளையங்களின் செல்லுலோஸில் ஆக்ஸிஜன் ஐசோடோப்புகளை அளந்து, அகலம் சொல்லாத மழைக் கணக்கையும் எடுக்கிறார்கள். ஆனால் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. மழை பொய்த்தது வளையத்தில் இருக்கும். அதே ஆண்டுகளில் ரயிலேறித் துறைமுகம் போய்க் கப்பலேறிய தானியம் எந்த வளையத்திலும் இருக்காது. மரவளையத்தை மட்டும் வாசிப்பவன் "வானம் பொய்த்தது, மக்கள் செத்தார்கள்" என்று எழுதுவான். அது அன்றைய ஆட்சியாளரின் வாக்குமூலத்தோடு கச்சிதமாகப் பொருந்தும். மரத்தின் சாட்சியம் உண்மையாக இருந்தும் குற்றவாளியைக் காப்பாற்ற உதவிவிடும் இடம் இது. ஆகவே மரத்தையும் மக்கள்தொகைக் கணக்கையும் ஏற்றுமதிக் கணக்கையும் ஒப்பாரிப் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்காமல் பாடம் கிடைக்காது.

7

பலாவுக்குத் திரும்புவோம். வளையம் போடாத பலாவிலும் ஒன்று பதிவாகியிருக்கிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகள், காற்றிலிருந்த கதிர்க்கரிமத்தை வடகோளத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது மெல்லக் குறைந்தது. அந்த ஏற்ற இறக்கம் அப்போது வளர்ந்த ஒவ்வொரு தாவரத்தின் கட்டையிலும் ஏறிவிட்டது. ஆகவே வளையமே தெரியாத மரத்திலும் இந்தக் கட்டை 1955க்கு முந்தியதா பிந்தியதா என்று ஆய்வகத்தில் சொல்லிவிடலாம். குண்டு போடாத மலையிலும் குண்டு எழுதியிருக்கிறது.

இதைச் சொல்வது அதிசயத்துக்காக அல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு 2005 டிசம்பர் 13ஐ வரம்பாக வைக்கிறது. மற்ற பாரம்பரிய வனவாசிகளிடம் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, நிரூபணம் கேட்கிறது. பட்டா இல்லாதவன் எதைக் காட்டுவான்? சட்டத்தின் கீழ் வந்த 2008 விதிகள் காகிதங்களோடு வேறு சிலவற்றையும் சாட்சியமாக ஏற்கின்றன: வீடு, குடிசை, சமன்செய்த நிலம், வரப்பு, சுடுகாடு, தெய்வ இடம், எழுதிவாங்கிய பெரியவர்களின் வாக்குமூலம். "எங்க தாத்தன் வச்சது" என்ற வாக்கியம் சட்டப்படி சாட்சியம், ஆய்வகம் தேவையில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை யாரும் எழுதிவாங்குவதில்லை. எழுதிவாங்கினாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "வேறு ரெக்கார்டு இல்லையா?" என்று கேட்கிறார்.

அங்கேதான் மரம் துணைச்சாட்சியாக வரலாம்; முதல் சாட்சியாக அல்ல. 1964இல் அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் ஆராய்ச்சி மாணவருக்காகப் பிரிஸில்கோன் பைன் ஒன்றை அனுமதியோடு வெட்டிச் சாய்த்தார்கள். எண்ணிப் பார்த்தால் 4,800க்கு மேற்பட்ட வளையங்கள்; அதுவரை அறியப்பட்டதிலேயே வயதான மரம். வாசிப்பதற்காகப் பிரதியையே எரித்த கதை. இன்று பென்சில் தடிமன்கூட இல்லாத துண்டை எடுக்கும் துளைக்கருவி போதும், மரம் உயிரோடு நிற்கும். நம் மலைகளில் பழைய மரங்கள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே லாரி ஏறிப்போகின்றன. தேக்கும் ஈட்டியும் வெட்டப்படும்போது ஒரு வட்டத் துண்டை எடுத்துவைத்து, எந்த ஊர், எந்தச் சரிவு, எந்தத் தேதியில் விழுந்தது என்று எழுதிவைக்க எந்த நிறுவனமும் வேண்டாம். பள்ளிக்கூடம் போதும், வாசகசாலை போதும். கூடவே அந்த மரத்தை வைத்தவரைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன பேச்சிலேயே எழுதி, சொன்னவர் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொள்வது நம்மைப் போன்று எழுதுகிறவர்களின் வேலை.

எடப்புளி நாட்டுப் பெரியவரிடம் அன்று நான் அதைச் செய்யவில்லை. அவர் சொன்னதை மேற்கோளாக்கிக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டேன். தாத்தன் பெயர் என்ன, எந்த மழைக்கு வைத்தார், கூட வைத்த மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போக வேண்டும். பலா அறுக்கப்பட்டுவிட்டது, அதை அறிந்தவர் இன்னும் இருக்கிறார்.